வெளிச்சத்துக்கு இரண்டு மதிப்பெண் குறைவு

என் கணவன் லெனர்டுக்கு அந்தப் பச்சை ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு திருகாணி மாறினாலும் தூக்கம் வராது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே அது இருக்க வேண்டும். அப்போதுதான் எங்கள் பழைய கார் கிளப்பின் அக்டோபர் கண்காட்சியில் கோப்பை. மூன்று வருஷம் தொடர்ந்து வாங்கினான். நான்காவது முறையும் வாங்கினால் கோப்பை எங்களுக்கே சொந்தம்.

ஆனால் அந்தக் காரின் முன்விளக்குகள் அழுது வடியும். பாட்டரியிலிருந்து மின்சாரம் மெல்லிய வயரில் சுவிட்சுக்குப் போய், சுற்றிக்கொண்டு விளக்குக்கு வருவதற்குள் பாதி செத்துவிடும். போன வருஷம் கண்காட்சி முடிந்து யார்க்‌ஷையர் மேட்டுப் பாதையில் திரும்பும்போது, ரோட்டில் படுத்திருந்த ஆட்டைப் பத்தடியில்தான் பார்த்தோம். கார் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது.

"ரிலே வச்சிடலாம் லெனர்ட்," என்றேன். தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் வயர் இணைத்தவள் நான்.

"அறுபத்திரெண்டுல இந்தக் கார்ல ரிலே கிடையாது ஆலிவ்."

"அறுபத்திரெண்டுல உனக்கு முழங்கால் வலியும்தான் கிடையாது. மாத்திரை போடலையா?"

இந்த வருஷம் கண்காட்சிக்கு முந்தின நாள் அவன் முடிவெட்டப் போன நேரத்தில் வேலையை முடித்துவிட்டேன். பாட்டரியிலிருந்து ரிலே என்ற சின்னக் கறுப்பு டப்பி வழியாக நேராக விளக்குக்குத் தடித்த வயர். பழைய சுவிட்ச் இனி ரிலேவுக்கு உத்தரவு போட்டால் போதும். சொல்லிவிடத்தான் நினைத்தேன். வாய் வரவில்லை.

மறுநாள் கண்காட்சியில் நடுவர் பானெட்டைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். "இந்தக் கறுப்பு டப்பி என்ன?"

லெனர்டின் முகம் வெளுத்தது. "நான்தான் வச்சேன்," என்றேன்.

இரண்டு மதிப்பெண் போனது. ஒரே மதிப்பெண்ணில் கோப்பை கிளப் நண்பன் நார்மனுக்குப் போனது. லெனர்ட் தனக்குப் பிடித்த பன்றி இறைச்சி பேஸ்ட்ரியைக்கூடத் தொடவில்லை. அவனுக்கு அதற்கு மேல் துக்கம் கிடையாது.

ஜெயித்தவர் முன்னால் போக, மற்றவர்கள் வரிசையாகப் பின்னால் வீடு திரும்புவது கிளப் வழக்கம். மேட்டில் இருட்டும் தூறலும் சேர்ந்துகொண்டன. லெனர்ட் வீம்புக்கு முன்விளக்கைப் போடாமல் சின்ன விளக்கோடு வந்தான். மூன்றாவது மைலில் நார்மன் காரை நிறுத்திவிட்டு எங்களிடம் நடந்து வந்தான்.

"அந்த ரிலேவோட நீ முன்னாடி போறியாப்பா? எனக்கு என் பானெட்டே தெரியல."

லெனர்ட் சுவிட்சைப் போட்டான். கல்சுவர், புல், தூரத்து ஆட்டின் கண்கள் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அவன் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தான். பிறகு கிளம்பினோம். ஏழு கார்கள் எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தன.

எங்கள் வாசல் வந்தது, கடந்தும் போனது.

"வீடு தாண்டிடுச்சு," என்றேன்.

"தெரியும். இவங்க எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டாமா?"

கடைசியாக நார்மன் தன் வீட்டு வாசலில் கோப்பையோடு இறங்கினான். லெனர்ட் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வியாழக்கிழமை உன் காரைக் கொண்டு வா. ஆலிவ் ரிலே வச்சுத் தருவா," என்றான்.

"அப்ப அடுத்த வருஷம் கோப்பை?"

"எவனாவது கொண்டு போகட்டும்."

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருந்தாலும் என் மனசு குளிர்ந்துவிட்டது.