ஒன்பதாம் கட்டம் காலி

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு படிவத்தின் ஏழாம் கட்டத்தில் பிறந்தது: ‘காயம் ஏற்பட்ட விதத்தை உங்கள் சொந்தச் சொற்களில் எழுதவும்.’ சொந்தச் சொற்கள் கைவசம் இல்லாதவர்கள் என்னிடம் வருவார்கள். கல்லூரியில் நான் நடத்திய நையாண்டிப் பத்திரிகையைப் படித்து இரண்டு பேர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார்கள். அந்தப் புகழ் கடல் தாண்டியும் வந்துவிட்டது.

வந்தவனை ஆய்வகத்தில் எல்லோரும் ‘ஈரல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எலியின் ஈரலை மெழுகில் பதித்து, ஒரு யந்திரத்தில் முடியைவிட மெல்லிசாகச் சீவிப் பார்ப்பது அவன் ஆராய்ச்சி. எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகம், ஒரே வாடகை வீடு, ஒரே உதவித்தொகை. போன வாரம் அந்த யந்திரத்தின் பிளேடு அவனுடைய வலது ஆள்காட்டி விரலையும் சீவிவிட்டது. விரலை மடக்கும் நாண் அறுந்துவிட்டது. இரண்டு வாரத்துக்குள் தைக்காவிட்டால் ஆயுசுக்கும் மடங்காது என்கிறார் டாக்டர். இன்சூரன்ஸ் அனுமதிக் கடிதம் வந்தால்தான் தைப்பார்களாம்.

இன்று பதினொன்றாம் நாள்.

விரல் போனால் ஆராய்ச்சி போகும், ஆராய்ச்சி போனால் உதவித்தொகை போகும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு விசாவும் போகும். இவ்வளவுதான் கதை. (இவ்வளவுதான் என்று எழுதுகிறவன் சொன்னால் அங்கே நின்று ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது.)

2

முதல் தொடக்கம், ஈரலே எழுதியது:

‘வலது கை விரலொன்றில் வெட்டு ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. கூர்மையான பொருள் ஒன்று காரணமாக இருக்கக்கூடும். எனினும், மாதிரி எண்ணிக்கை ஒன்று மட்டுமே என்பதால், உறுதியான முடிவுக்கு வர மேலும் ஆய்வு தேவை.’

நாலு வருஷமாக ஆய்வுக் கட்டுரை எழுதிய கை வேறெப்படி எழுதும்? ஆறாம் நாள் பதில் வந்தது: விண்ணப்பதாரருக்கே காயம் பற்றி உறுதி இல்லாததால் நிராகரிக்கப்படுகிறது.*

“அடக்கமாத்தானேடா எழுதினேன்?” என்றான் ஈரல்.

“மேலும் ஆய்வுன்னா என்னடா? அடுத்த விரலையும் வெட்டிப் பாக்கணுமா?”

* கற்பனையென்றால் இவ்வளவு தூரம் போக எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

3

பல்கலைக்கழகத்தின் சலுகைகள் பிரிவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, தூசி படிந்த பிளாஸ்டிக் செடி, அதற்குப் பின்னால் ஓர் அம்மா. நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாலிசி அக்கா. (அவர் எந்த மொழியில் பேசினாலும் எனக்குத் தமிழில்தான் எழுத வரும்.)

“ஊழியர் இன்சூரன்ஸ் சம்பளம் வாங்குறவங்களுக்குத் தம்பி. உங்களுக்கு வர்றது உதவித்தொகை. அது சம்பளம் இல்ல.”

“உதவித்தொகையோட ஒரு இன்சூரன்ஸ் வந்துச்சே?” என்றான் ஈரல்.

“அதுல வீட்ல, ரோட்ல, பஸ்ல எங்க அடிபட்டாலும் உண்டு. வேலை செய்யும்போது பட்டது மட்டும் கிடையாது.”

“நான்தான் வேலையே செய்யலையே? இப்பத்தான சம்பளம் இல்லன்னீங்க?”

“சம்பளம்தான் இல்ல. வேலை இருக்கு.”

சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். ஈரல் ஓரடி பின்னால் நகர்ந்தான். அலுவலகத்தில் குரல் தாழ்ந்தால் ஒன்று உதவி, இல்லையென்றால் எலிப்பொறி. எலிகளோடு பழகியவனுக்கு அது தெரியும்.

“கட்டட இன்சூரன்ஸ்னு ஒண்ணு இருக்கு. வேற யாரோ அலட்சியமா இருந்து இங்க ஒருத்தருக்கு அடிபட்டா, வழியில போறவரா இருந்தாலும் உண்டு. படிவம் இதேதான். ஆனா ஒன்பதாவது கட்டத்துல அந்த யாரோ யாருன்னு எழுதணும். அவரும் கையெழுத்துப் போடணும். உங்களுக்கு முன்னாடி அந்த மெஷின யாரு தொட்டது?”

ஈரல் திரும்பிப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.

4

(கதையின் ஓட்டத்தைக் கெடுப்பதால் இந்தப் பகுதி நீக்கப்பட்டது.)

5

இரண்டாம் தொடக்கம், என்னுடையது:

‘ஞாயிற்றுக்கிழமை. சமையலறை. வெங்காயம் உருண்டது. பிடிக்கப் போன விரலில் கத்தி இறங்கியது.’

வேலை இல்லை, சம்பளம் இல்லை. உதவித்தொகை இன்சூரன்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நல்லவேளையாக ஈரல் முதல் விண்ணப்பத்தில் இடத்தைக்கூட உறுதியாகச் சொல்லவில்லை. ஊரிலிருந்த அவன் மனைவிக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

“இவரு வெங்காயம் வெட்டினாரா? கம்பெனிக்காரன் நம்பினாலும் நான் நம்ப மாட்டேண்ணா.” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “பொய்னு தெரிஞ்சா ஊருக்கே அனுப்பிடுவாங்களே. நடந்தத எழுதினா என்னவாம்?”

நியாயமான விமர்சனம். வெங்காயத்தைத் தக்காளி ஆக்கினேன்.

6

“எதுக்குடா இவ்வளவு மெனக்கெடுற?” ஈரல் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். “வெங்காயம், தக்காளி, பஸ் கதவுன்னு மூணு விதமா எழுதிட்ட. எல்லாத்துலயும் என் விரல் இருக்கு. மெஷின் மட்டும் எதுலயும் இல்ல.”

“கதைக்கு மெஷின் தேவையில்லடா.”

“கதைக்கா, உனக்கா?”

[இங்கே ஒரு பதில் இருந்தது. நான் அப்போது மிகவும் அவசரத்தில் இருந்ததால்தான் அந்த—]

“மெஷின் ரிஜிஸ்டர அன்னைக்கே பாத்துட்டேன்டா. நீயே சொல்லுவன்னு இருந்தேன்.”

இடது கையால் பேனாவை எடுத்து, பல்லால் கடித்து மூடியைக் கழற்றி, படிவத்தின் மேல் வைத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டான். மூடியையும் கொண்டுபோய்விட்டான்.

4

நீக்கிய பகுதி இதுதான். வேலை முடிந்ததும் பிளேடின் மேல் சிவப்புத் தடுப்பை இறக்கிவிட்டு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். அன்று ஈரலுக்கு முன்னால் வேலை செய்த ஆள் கையெழுத்தைப் போட்டான், தடுப்பை இறக்கவில்லை. (பாருங்கள், இப்போதும் ‘ஆள்’.) அந்தக் கையெழுத்தின் கடைசியில் நீளமாக ஒரு வால் இருக்கும். கல்லூரிப் பத்திரிகையில் என் ஒவ்வொரு நையாண்டிக்கும் கீழே ஆடிய வால் அது.

நான்தான்.

பெயரைப் போட்டால் விசாரணை. என் உதவித்தொகையைப் பிடித்து வைப்பார்கள். அதன் வாலில் தொங்குவது என்ன என்று முதல் பகுதியிலேயே எழுதிவிட்டேன்.

7

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறேன். விரல் மடங்குகிறது. நான் பெட்டி கட்டுகிறேன்.

முடிவு ஆ: தக்காளி.

முடிவு இ: எந்த முடிவு நல்லது என்று கதையைத் திருத்தித் திருத்தி எழுதுகிறேன். பதினான்காம் நாள் தாண்டிவிடுகிறது. இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான்.

ஒன்பதாம் கட்டத்துக்குக் கீழே பத்தாவதாக ஒன்று இருக்கிறது: ‘மேற்கண்டதை அறிந்த சாட்சி.’ இத்தனை நேரம் அது யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை. இப்போது அறிந்தவர் நீங்கள். அலுவலகம் நாலு மணி வரை திறந்திருக்கும். இந்த வரியை முடித்ததும் நான் எழுந்து போவேன் என்று சொன்னால் நம்புவீர்களா? வெங்காயம் முதல் இதுவரை நான் எழுதியதையெல்லாம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சீக்கிரம். பேனாவுக்கு மூடி இல்லை, மை காய்கிறது.