அவருக்குப் பதிலாக நான்

என் வீட்டுக்காரரை நான் வாயைத் திறக்கவே விடுவதில்லை என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது அபாண்டம். அவர் வாய்க்கு வேலை வராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்கு எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அவர் பெயர் ராஜகோபால். லிஃப்ட் மெக்கானிக். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் எந்த அடுக்குமாடியில் லிஃப்ட் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே யாராவது இருக்கிறீர்களா என்று கதறுவார்கள். இவர் பதில் சொல்லமாட்டார். பேசாமல் சரிசெய்து, கதவைத் திறந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். சேலையூரில் ஒரு மாமி பெருமாளே வந்து திறந்துவிட்டதாக இன்றைக்கும் நம்புகிறார்.

அவரை யார் எது கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். பேங்கில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், எல்லா இடத்திலும். இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "பொண்ணு பிடிச்சிருக்கா மாப்பிள்ளை?" என்று என் அப்பா கேட்க, இவர் பஜ்ஜியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது? காபித் தட்டோடு நின்ற நான்தான் "பிடிச்சிருக்காம்ப்பா" என்று சொன்னேன். கல்யாணம் நடந்தது. ஓவியா பிறந்தாள். இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். பதில் சரியாகத்தானே இருந்திருக்கிறது?

ஒரு வெளிநாட்டு வேலைக்கு இவர் பெயரில் விண்ணப்பம் போட்டதும் நான்தான். நாட்டின் பெயரைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போதும் சொல்வதாக இல்லை. குளிர் நாடு, கட்டடங்கள் உயரம், லிஃப்ட் பார்க்க ஆள் இல்லை. அது போதும். இந்த மனுஷனின் கைக்கு இங்கே மரியாதை கிடையாது. மாலை போட்டுக் கும்பிட வேண்டிய கையை, "எப்போ சார் முடியும்?" என்று அதட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரியும். எங்கேயாவது ஒரு இடத்தில் அவரை நாலு பேர் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கம்பெனிக்காரர்கள் வீடியோவில் பேட்டி எடுத்தார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் இவர் என் காதில் முணுமுணுப்பார், நான் இங்கிலீஷில் எடுத்துவிடுவேன். என்னை மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்து தனியாக நன்றி வேறு சொன்னார்கள். கடைசியில், குடும்பத்தை விட்டு இரண்டு வருஷம் வந்து இருக்கச் சம்மதமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இவர் என் காதுப் பக்கமே வரவில்லை. அதற்குள் நான் "யெஸ், வில்லிங்" என்று சொல்லியாகிவிட்டது.

வேலை உறுதியானது. பின்னாலேயே எம்பசியிலிருந்து மெயில் வந்தது. விசா பேட்டிக்கு விண்ணப்பதாரர் மட்டும் வர வேண்டும், துணைக்கு யாருக்கும் அனுமதி இல்லை. படித்ததும் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. இவரோ சட்டைப் பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தார்.

கீழ்க்கட்டளையில் டிராவல்ஸ் வைத்திருக்கும் என் தம்பி பக்தவச்சலத்தை வரவழைத்தேன். அவன் தன் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, பால்கனி ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் விசா ஆபீசராக உட்கார்ந்தான். கோட்டு பட்டன் போட முடியாமல் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஒதுங்கிக்கொண்டது. இவர் இந்தப் பக்கம் ஃபைலோடு நின்றார். உங்கள் பெயர் என்ன என்று அவன் இங்கிலீஷில் கேட்டான். சமையலறையிலிருந்து நான் "ராஜகோபால்" என்றேன்.

இரண்டாவது கேள்விக்கும் அதே கதைதான். மூன்றாவதற்கு அவன் என்னை மொட்டை மாடிக்கு அனுப்பினான். கேள்வி அங்கேயும் கேட்டது, நான் இவர் செல்போனுக்குக் கூப்பிட்டுப் பதில் சொன்னேன். "இன்னாக்கா நீ, ஒரே பேஜாரா கீது உன்னோட. கம்முனு இருக்க மாட்டியா?" என்று கத்தியவன், ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, வாய் நிறைய வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னான். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அப்படித்தான் எங்கள் வீட்டில் பேட்டிப் பயிற்சி நடந்தது. மனைவியின் பெயர் என்ன என்று கேட்டபோது மட்டும் என்னால் முடியவில்லை, விழுங்கிவிட்டு "தையல்நாயகி" என்று சொல்லிவிட்டேன். அது என் பெயர், அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

தினமும் சாயங்காலம் நான் தண்ணீரும் வாயுமாக உட்கார்ந்திருக்க, மெதுவாக இவருக்குப் பேச்சு வந்தது. முதலில் பெயர். அப்புறம் ஊர். அப்புறம் இங்கிலீஷிலேயே முழு வாக்கியங்கள். தம்பி ஜன்னல் கம்பி வழியாகக் கை நீட்டி அவர் கையைக் குலுக்கினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாயில் தண்ணீரோடு சிரித்ததில் புடவை நனைந்ததுதான் மிச்சம்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், அவர் ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாதாமாதம் அவரை அஸ்தினாபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போவேன், முதுகு வலிக்கு. இந்தத் தடவை எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசிவிட்டார்.

"முதுகுல ஒண்ணும் இல்ல டாக்டர். எனக்கு முழங்கால்தான் வலிக்குது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன். மூன்று வருஷம் முதுகுக்கு மருந்து சாப்பிட்ட மனுஷன். பெல்ட் கட்டிக்கொண்டு தூங்கிய மனுஷன். வெளியே வந்து, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று ரோட்டிலேயே சண்டை போட்டேன். "நீ முதுகுன்னு சொன்ன, சரி, அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

அதற்கப்புறம் வீட்டில் தினம் ஒரு அதிர்ச்சி. அவருக்கு அவியல் பிடிக்காதாம். ஹாலுக்கு அடித்த பச்சை பெயின்ட் கண்ணைக் குத்துகிறதாம். என் சித்தப்பா மகன் ஜெயகிருஷ்ணனைப் பார்த்தாலே ஆகாதாம். அவன் வந்தால் இவருக்கு ரொம்பச் சந்தோஷம் என்று வருஷக்கணக்காக நான் சொல்லிச் சொல்லி, அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பயம் வந்தது. பெண் பார்த்த அன்றைக்கு என்ன நினைத்தீர்கள் என்று கேட்டுவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் இப்போது பதில் சொல்லிவிடுவாரே.

பேட்டி நாளன்று தாம்பரத்தில் ரயில் ஏறிப் போனோம். எம்பசி வாசலில் நீளமான வரிசை. எல்லாரும் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். செல்போனும் பையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் அவற்றை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முன்னால் நின்ற ஒரு பையனிடம் செக்யூரிட்டி எந்த வேலைக்குப் போகிறாய் என்று கேட்க, அவன் திணற, பாவம் என்று அவனுக்கும் நானே பதில் சொன்னேன். செக்யூரிட்டி என்னை எதிர் பிளாட்பாரத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அங்கே ஒரு மரத்தடியில் நின்று, உள்ளே என்ன கேட்பார்களோ அதற்கெல்லாம் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். இவருக்குப் பின்னால் போனவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். இவரைக் காணோம்.

கடைசியில் வந்தார். கையில் ஃபைல் இருந்தது, பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் விசா கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். தெருவென்றும் பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று துளைத்தெடுத்தேன்.

"எங்க நாட்டுக்கு எதுக்கு வர விரும்புறீங்கன்னு கேட்டாரு. நான் விரும்பலியே, என் ஒய்ஃப்தான் விரும்புறாங்கன்னு சொன்னேன்."

அவர் அதோடு நிறுத்தவில்லை. தாம்பரம் பிடிக்கும், குளிர் பிடிக்காது, தனியாக இருந்து பழக்கமில்லை என்று எல்லாவற்றையும் அந்த ஆபீசரிடம் கொட்டியிருக்கிறார். ஆபீசர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டிருக்கிறார். பக்கத்து கவுன்ட்டர் ஆபீசரையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். வருகிறவர்கள் எல்லாரும் வேலை முடிந்ததும் கட்டாயம் திரும்பிவிடுவோம் என்று சத்தியம் செய்கிறார்கள், அதில் நான் நம்புகிற முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லி, பாஸ்போர்ட்டை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டாராம்.

அப்படியானால் போகப் போகிறீர்களா இல்லையா என்று கேட்டேன்.

"ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியல, தையலு. நீங்க போயிட்டா அந்த ரெண்டு வருஷம் உங்க ஒய்ஃப் இங்க என்ன பண்ணுவாங்கன்னு கேட்டாரு. கேட்டுச் சொல்றேன்னு வந்துட்டேன்." பையை என் தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ என்ன பண்ணுவ?"

வாயைத் திறந்தேன். ஓவியா படிப்பு இருக்கிறது என்று வந்தது, அது ஓவியாவுடையது. உங்களுக்குப் பார்சல் அனுப்புவேன் என்று வந்தது, அது அவருடையது. வீட்டில் இருப்பேன் என்று சொல்லலாம் என்றால், அந்தப் பச்சை ஹாலில் யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் சாயங்காலம் இருட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. இதை நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. என்னை யாரும் கேட்டதுமில்லை.

பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் எனக்காகப் பதில் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார்.