முகத்தில் மஞ்சள் குறைக்கவும்

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஸ்ரேயா தன் செத்துப்போன அம்மாவின் பட்டுப்புடவையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு தாமலிலிருந்து பஸ் ஏறிக் காஞ்சிபுரம் வந்தாள். வந்து நின்ற இடம் தாய்மாமன் அப்பாண்டையின் போட்டோ ஸ்டுடியோ. பத்தொன்பது வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பெண்ணுக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்கள்!

"மாமா, எங்க வீட்ல அம்மா படம் மாட்டி இருக்குது. நீங்க எடுத்ததுதான். அதுல இந்தப் புடவ மயில் கழுத்து கலர்ல இருக்குது. ஆனா இது கிளிப்பச்ச. கல்யாணத்துல நான் இதத்தான் கட்டிக்கப் போறேன். பக்கத்துல அம்மா படத்த பெருசா வெக்கணும். ரெண்டும் ஒரே கலர்ல இருக்கணும். நெகட்டிவ் உங்ககிட்டதான் இருக்கும்னு அப்பா சொன்னாரு."

"உங்கப்பன் சொன்னானா?"

"அவருதான் அனுப்பிச்சாரு. கல்யாணத்துக்கு நீங்க வரணும் மாமா."

அப்பாண்டை கையை நீட்டினார். புடவையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார். இந்த ஊரில் டியூப்லைட்டில் பட்டு நிறம் பார்ப்பவன் பைத்தியக்காரன். கிளிப்பச்சையேதான். புழுவைக் கொன்று எடுக்கிற பட்டு சமணர் வீட்டில் வேண்டுமா என்று அவருடைய அம்மா அன்றைக்கு முணுமுணுத்தாள். காஞ்சிபுரத்தில் பிறந்த என் தங்கச்சிக்குப் பட்டு இல்லாமல் கல்யாணமா என்று அடம்பிடித்து வாங்கியவர் இவர்தான்.

தங்கச்சி தயாவதி, இரண்டு வயசுக் குழந்தை ஸ்ரேயாவோடு எண்பத்தேழு பொங்கலுக்குப் பிறந்த வீடு வந்து பதினைந்து நாள் இருந்தாள். திரும்பிப் போன பன்னிரண்டாம் நாள் சாவுச் செய்தி வந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். அப்பாண்டை நம்பவில்லை. தாமல் தெருவில் பிணம் கிடக்கும்போதே மச்சான் வர்த்தமானின் சட்டையைப் பிடித்தார். "பன்னெண்டே நாள்ல காமாலை வந்து சாவாளா? சோறு போட்டியா, வைத்தியம் பாத்தியாடா கொலகாரா?" சும்மா கத்தவில்லை, சாட்சியோடு கத்தினார். கிளம்பும் முன் எடுத்த போட்டோ அப்போதுதான் மெட்ராஸ் லேபிலிருந்து பிரிண்டாகி வந்திருந்தது. அதை ஊர்முன் தூக்கிக் காட்டினார். "பாருங்கய்யா! என் ஊட்லருந்து போம்போது முகம் எப்பிடி இருக்குது பாருங்க!" முகம் ரோஜாப்பூவாகத்தான் இருந்தது. ஊரே பார்த்துத் தலையாட்டியது. வர்த்தமான் ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணை வாரித் தூற்றிவிட்டு, படத்தை அங்கேயே வீசிவிட்டு வந்தவர், அதன் பிறகு அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மறுநாள் பகலில் பீரோவைக் குடைந்து நெகட்டிவை எடுத்தார். கண்ணாடித்தாள் உறைக்குள் ஒரு சீட்டும் இருந்தது. லேபுக்கு அவரே எழுதியது: "முகத்தில் மஞ்சள் குறைக்கவும்." அந்தக் காலத்தில் கையெழுத்து எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்துக்கொண்டு அதை ஓரமாக வைத்தார்.

ஸ்கேனர் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. மூடிக்குள் விளக்கு மெல்ல நகர, கம்ப்யூட்டரில் படம் மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கியது. நெகட்டிவ் என்றால் எல்லாமே தலைகீழ். அதற்கு மேல் ஒரு ஆரஞ்சுப் பூச்சு வேறு. வெள்ளை முடியும் கறுத்த பற்களுமாகத் தயாவதி சிரித்துக்கொண்டு வந்தாள். ஆயிரம் நெகட்டிவ் பார்த்த மனிதர் அன்றைக்கு என்னவோ நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

ஆரஞ்சை நீக்கி, படத்தைத் திருப்பி, நிறம் கூட்டினார். முகம் சரியானால் படம் சரி என்பது அவர் முப்பது வருஷத் தொழில் வேதம். வாடிக்கைக்காரர் முகத்தைத்தானே பார்க்கிறார்? முகத்தைச் சிவப்பும் வெளுப்புமாக அழகாகக் கொண்டுவந்தார். புடவை மயில் கழுத்தாகிவிட்டது. புடவையைக் கிளிப்பச்சைக்குக் கொண்டுவந்தார். முகம் மஞ்சளாகிவிட்டது. திரும்ப முகத்தைச் சரிசெய்தார், புடவை கெட்டது. இரண்டு நாள் இதே கூத்து. அவர் பிடித்து இழுக்க இழுக்க அவள் விலகிப் போய்க்கொண்டே இருந்தாள். சனியன் பிடித்த பழைய ஃபிலிம், கலர் செத்துப்போச்சு என்று திட்டினார். திட்டும்போதுகூட அவள் கண்களைப் பார்க்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று கம்ப்யூட்டரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டு முறை திரும்பியும் பார்த்தார்.

மூன்றாம் நாள், பக்கத்துச் சந்தில் பட்டுக்குச் சாயம் போடும் சபாபதி ஒரு பாஸ்போர்ட் போட்டோ வாங்க வந்தார். இவர் அவஸ்தையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னாபா நீ, மூஞ்சிய வெச்சி கலர் பாத்துக்கினு இருக்க? மூஞ்சி ஆளுக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. வெள்ளைய மொதல்ல புடி. வெள்ள வெள்ளையா இருந்துச்சுன்னா மத்தது தானா வந்து நிக்கும்."

படத்தில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. பின்னால் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்புச் சுவர் இருந்தது. அப்பாண்டை சுவரை வெள்ளையாக்கினார். புடவை கிளிப்பச்சைக்கு வந்து நின்றது. கையிலிருந்த புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நூல் வித்தியாசமில்லை. படத்தில் தயாவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவின் முகம் மாநிறமாக, உயிரோடு இருந்த காலத்தில் இருந்தபடியே இருந்தது. அதே ஃபிலிம், அதே வெளிச்சம். தயாவதி மட்டும் மஞ்சளாக இருந்தாள்.

சபாபதி கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தார். "இந்தப் பொண்ணுக்குக் காமாலையா? கண்ணு முழியெல்லாம் மஞ்சளா இருக்குதே."

அவர் தன் போட்டோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அப்பாண்டை ஓரமாக வைத்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தார்.

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கேமராவில் கண்ணை வைத்த அப்பாண்டைதான் முதலில் கத்தினார்: "எவ்ளோ மஞ்சதாண்டி பூசிக்கினு வந்த? போய் மூஞ்சிய கழுவிக்கினு வா!" வெள்ளிக்கிழமை பெண்கள் மஞ்சள் பூசிக் குளிப்பார்கள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அவள் சிரித்துக்கொண்டே போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். மஞ்சள் போகவில்லை. இன்னொரு தடவை சோப்புப் போட்டுத் தேய் என்று விரட்டினார். கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. வந்து நின்றாள். "போகல அண்ணா." சரி தொலையுது, லேபில் சொல்லி எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டனை அழுத்தினார். அந்தப் பதினைந்து நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமியார் வீட்டுச் சோறு நாக்கில் ஒட்டிக்கொண்டதா என்று கேலி செய்ததும் இவர்தான்.

காமாலை இவர் வீட்டில் இருந்தபோதே வந்துவிட்டது. இவர் கண்ணால் பார்த்து, கைப்பட எழுதிக்கொடுத்து, அதை அழித்துவிட்டார். அழித்த படத்தைச் சாட்சியாக வைத்து ஒரு மனுஷனைக் கொலைகாரன் என்றார். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஸ்டுடியோவில் உட்கார முடியவில்லை. பட்டப்பகலில், தெருவில் ஆட்டோ போகிற சத்தத்துக்கு நடுவே தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டையும் கிணற்றையும் விற்றுப் பத்து வருஷம் ஆகிறது. குழாயை இறுக்கினார், ஃபேனை நிறுத்தினார். "போகல அண்ணா" என்று பக்கத்திலேயே கேட்டது. கோபமாகச் சொன்னால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். சோப்பு வீணாகிவிட்டதே என்பது போலச் சொன்னாள்.

மனசு கெட்டது, தப்பிக்கத்தானே பார்க்கும்? கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் தனியாக வளைத்து மஞ்சளை எடுத்தார். புடவை கிளிப்பச்சை, முகம் ரோஜா. ஸ்ரேயா கேட்டது இதுதானே? யாருக்கும் தெரியப்போவதில்லை. பிரிண்ட் போட்டுக் கையில் எடுத்தார். கண்முழி வெள்ளைவெளேரென்று இருந்தது. அது தயாவதியே இல்லை. குறுக்கே கிழித்தார். அப்புறம் சுவரின் வெள்ளையை வைத்து எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, தாமலுக்கு பஸ் ஏறினார்.

வர்த்தமான் வாசலில் மல்லாட்டையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தவர் கையிலிருந்த கடலையை உதறிவிட்டு எழுந்தார்.

"வாங்க மச்சான். பொண்ணு கோயிலுக்குப் போயிருக்குது. உள்ள வாங்க."

அப்பாண்டை உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே படத்தை நீட்டினார். "பாரு. என் ஊட்லயே வந்துடுச்சு. நான் பாத்தேன், மஞ்சளுன்னு நெனச்சேன். நான்தான்யா அழிக்கச் சொன்னேன்."

வர்த்தமான் படத்தை இரண்டு கையாலும் வாங்கி வெயிலில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா, இந்தக் கலர்தான் இருந்தா. பஸ்ஸ விட்டு எறங்கும்போதே கண்ணப் பாத்தேன். ஊட்டுக்குக்கூட வராம நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனேன். பத்து நாள் முன்னால வந்திருக்கணும்னாரு டாக்டரு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? தெருவுல நிக்கவெச்சி அவ்ளோ பேர் எதுர்ல உன்ன கொலகாரன்னேனே! அப்பக்கூட ஏன்யா சொல்லல?"

"அவ சொல்லாதன்னா மச்சான்." வர்த்தமான் குரல் உயரவில்லை. "கடைசில நெனவு இருந்த வரைக்கும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தா. 'அண்ணன் மூஞ்சிய கழுவு கழுவுன்னு ரெண்டு தபா அனுப்புச்சு. அது காமாலைன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சா உசுரோட இருக்காது. என்னா திட்டினாலும் வாங்கிக்கோ, வாயத் தொறக்காத'ன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினா."

அப்பாண்டை கடலை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அறைந்திருந்தால் தேவலாம் என்றிருந்தது அவருக்கு. வர்த்தமான் அவரைப் பார்க்கவில்லை. படத்தின் மேல் விழுந்திருந்த தூசியைத் துண்டால் ஒற்றி எடுத்தார். பத்தொன்பது வருஷமாகக் காப்பாற்றிய ஒன்று கையை விட்டுப் போன மனுஷனின் முகமாக இருந்தது அவர் முகம்.

"நான் சொல்லல தயா," என்று படத்திடம் சொன்னார். "அண்ணனேதான் கண்டுபுடிச்சிக்கினு வந்துட்டாரு."