அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒரு மலை

மார்ச் 8, சனி

நேற்று வரைந்த படத்தில் ஒரு சின்னத் தவறு. அக்காவின் அலுவலக அறைக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக வரைந்துவிட்டேன். அது உள்பக்கம் திறக்கிறது. தினமும் திறந்து மூடுகிற கதவுதான். படம் வரையும்போது கூடத்தில் நின்று யோசித்தேனா, அறைக்குள் நின்று யோசித்தேனா என்று இப்போது நினைவில்லை.

தவறு சின்னது. விளைவு ஒரு மேசை அளவுக்கு இருக்கிறது.

மாலை வகுப்பில் ஃபெங் சுயி, அதாவது சீனர்களின் வாஸ்து, படிக்கிறேன். பகலில் மருந்துக் கடையில் மாத்திரைப் பெட்டிகளை அடுக்கும் வேலை. எது எங்கே இருக்க வேண்டும் என்று பகல் முழுக்க யோசித்துப் பழகியதால் மாலையிலும் அதையே யோசிக்கப் பிடித்துப்போனது. பருவ முடிவில் ஒவ்வொருவரும் யாராவது ஒருவருடைய வீட்டு அலுவலகத்தை ஒழுங்குபடுத்திக் காட்ட வேண்டும். மற்றவர்களுக்கு மாமா, நண்பர் என்று ஆள் கிடைத்தார்கள். எனக்கு அக்கா கிடைத்தாள். ஒரே வீட்டில் இருப்பதால் அவளால் தப்பிக்க முடியவில்லை என்று எழுதுவதே சரி.

அக்கா ஒன்பது வருடம் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் புகார் அழைப்புகளுக்குப் பதில் சொன்னவள். இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறாள். விடுப்பு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று குரல் கொடுக்க ஆள் தேடுகிறது. லிஃப்ட்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்வார்களே, அந்தக் குரல். முதல் மாதிரி ஒலிப்பதிவைக் கேட்டு இரண்டு பேரைக் கடைசிச் சுற்றில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதில் அக்கா ஒருத்தி. திங்கட்கிழமை இரண்டாவது மாதிரி அனுப்ப வேண்டும். அது கிடைத்தால் அவள் அந்தப் புகார் நாற்காலிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

"ஒம்பது வருஷமா நான் வாயத் தொறந்தாலே எதிர்ல இருக்கறவங்க திட்டினாங்க. லிஃப்ட்டுல பேசினா யாரும் திட்டமாட்டாங்க" என்பாள்.

"திட்டுவாங்க. உனக்குக் கேக்காது" என்பார் அத்தான்.

"அது போதும்ங்க எனக்கு."

அவளுடைய அறை முன்பு சாமான் போடும் அறையாக இருந்தது. தெருச் சத்தம் வராத ஒரே அறை அதுதான் என்று அக்கா பிடித்துக்கொண்டாள். கதவருகே ஒரு பழைய பஞ்சு மெத்தை சுவரில் சாய்ந்து நின்றது. கம்பியில் போர்வைகளும் கோட்டுகளும் தொங்கின. இவற்றுக்கு நடுவே ஒரு மேசை. அதில் வாசலுக்கு முதுகைக் காட்டியபடி அக்கா. டீச்சர் கூடாது என்று சொன்னவையெல்லாம் ஒரே அறையில் கூடியிருந்தன. பார்க்க எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இன்று மெத்தையைக் கூடத்து அலமாரியின் உச்சிக்கு ஏற்றினோம். போர்வைகளைத் துவைக்கப் போட்டேன். சுவரில் கண்ணாடி மாட்டினேன். திசைகாட்டி வைத்து வடக்கைக் கண்டுபிடித்து, அங்கே மின்சாரத்தில் ஓடும் குட்டி நீரூற்று ஒன்றை வைத்தேன். பிறகு அக்காவும் நானுமாக மேசையைத் தள்ளி, எதிர்மூலையில் வாசலைப் பார்த்தபடி கோணலாகப் போட்டோம். வேலை செய்கிறவரின் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், வாசல் கண்ணில் பட வேண்டும். இது விதி.

மேசை சன்னல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஆப்பு அறைந்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. அதன் ஒரு முனை கதவை இடித்தது. கதவு பாதிதான் திறக்கிறது. அக்கா பக்கவாட்டில் நுழைந்துவிட்டாள். நானும் நுழைந்தேன். அத்தான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்த வயிறு அவருடையது. அது நிலைப்படியிலேயே நின்றுவிட்டது.

"டீ வேணுமான்னு கேக்க வந்தேன். பரவால்ல, இங்கேருந்தே கேக்கறேன்" என்றார்.

அக்கா என் தோளில் தட்டினாள். "இந்த ஒண்ணுக்காகவே உனக்கு முழு மார்க் குடுக்கலாம்டி."

மேசையைத் திரும்ப நகர்த்திப் பார்த்தோம். அசையவில்லை.

மார்ச் 10, திங்கள்

அக்கா காலையில் பதிவு செய்து அனுப்பினாள். நான் கடையிலிருந்து வந்ததும் நிறுவனத்தின் ஒலிப்பதிவுப் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டார். அக்கா அழைப்பை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். நல்ல செய்தியை எல்லோரும் கேட்கட்டும் என்று நினைத்திருப்பாள்.

"மேடம், மொதல்ல அனுப்பினதும் நீங்கதானே?"

"நான்தாங்க."

"அது பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருந்துச்சு. இது கெணத்துக்குள்ளேருந்து கூப்பிடற மாதிரி இருக்கு. லிஃப்ட்டுல தனியா போறவங்க பயந்துருவாங்க." கொஞ்சம் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பின்னாடி யாராவது குளிக்கிறாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன். நீரூற்று பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இன்னொரு தடவை அனுப்பறேங்க" என்றாள்.

"புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள அனுப்பிருங்க. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது."

அழைப்பு முடிந்ததும் அத்தான் என்னைப் பார்த்தார். "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்ல ஆயிருச்சு."

அக்கா திட்டியிருந்தால் தேவலை. உள்ளே போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து அலுவலகம் கொண்டுபோகும் பையை எடுத்து, ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தாள். வாரைப் பிடித்து இழுத்து, அறுந்துவிடுமா என்று பார்த்தாள். அறுந்துவிடாது. ஒன்பது வருடம் தாங்கிய வார்.

மார்ச் 11, செவ்வாய்

வகுப்பில் என் படத்தை டீச்சர் மேசைமேல் விரித்துப் பார்த்தார். சன்னலைப் பார்த்தார். வடக்கைப் பார்த்தார். மறுபடி சன்னலைப் பார்த்தார்.

"சாயங்கால வெயில் எந்தப் பக்கம் வருதுன்னு சொன்னே?"

"இந்தச் சன்னல் வழியா, டீச்சர்."

"அப்ப சூரியன் உங்க வீட்டுல மட்டும் கெழக்குல மறையுதா?"

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "திசைகாட்டிய எதுமேல வெச்சுப் பார்த்தே?"

"சமமான இடத்துல வைக்கணும்னு நீங்க சொன்னீங்க. அறையிலயே சமமா இருந்தது ஒலிபெருக்கிதான். அதுமேல வெச்சேன்."

"அதுக்குள்ள காந்தம் இருக்கும்மா" என்றார் பொறுமையாக. "நீ கண்டுபிடிச்சது வடக்கு இல்ல. ஒலிபெருக்கி."

இதை எழுதும்போதும் காது சூடாகிறது. சமமான இடமா என்று பார்க்க அந்த ஒலிபெருக்கிமேல் ஒரு கோலிக்குண்டை வேறு உருட்டிச் சோதித்தேன். சரியாகச் செய்கிறோம் என்ற நினைப்பில் ஒரு தவறை எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சர் குரலை இறக்கினார். "திசை அப்புறம் சரி பண்ணிக்கலாம். ஒருத்தர் இருந்து வேலை செய்யற எடத்துக்குப் பின்னாடி மலை மாதிரி ஒண்ணு வேணும். கனமா, அசையாம. மொதல்ல அதைப் பாரு."

வீட்டுக்கு வந்து, அறையின் நடுவில் வெறுங்கையில் திசைகாட்டியை ஏந்தி மறுபடி பார்த்தேன். பிறகு சமையலறைக்குப் போய் அக்காவிடம் ஒப்புக்கொண்டேன்.

"சரி, இப்ப வடக்கு எங்கடி இருக்கு?"

"வாசல் பக்கம்."

"அங்க என்ன இருக்கணும்?"

"தண்ணி ஓடிட்டே இருக்கணும்."

"தண்ணி வேணாம். நீ ஓடு, நான் தொரத்தறேன். அதே பலன்தான்."

அவள் கேலி பேசியதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அலுவலகப் பை வெளியேதான் இருக்கிறது, பீரோவுக்குள் திரும்பிப் போகவில்லை. மேசையின் காலைக் கழற்றத் தச்சரைக் கூப்பிட்டோம். சனிக்கிழமைதான் வருவாராம். எங்களுக்கு நாளை மத்தியானம்வரைதான் நேரம்.

மார்ச் 12, புதன்

கடையில் விடுப்பு சொன்னேன். அத்தான் காலை வகுப்பை வேறு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டார்.

நீரூற்றை நிறுத்தினேன். கண்ணாடிமேல் அத்தானின் கோட்டைத் தொங்கவிட்டேன். துவைத்த போர்வைகளில் இரண்டுதான் காய்ந்திருந்தன. அக்கா ஒலிவாங்கியைத் திருப்பி வைத்து, மேசைக்கு முன்னால், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். முதல் மாதிரியைப் பேசியபோதும் அப்படித்தான் இருந்தாளாம். விதிப்படி இதைவிட மோசமான இடம் கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்காம் தளம்" என்றாள். கிணறு கொஞ்சம் ஆழம் குறைந்திருந்தது. ஆனாலும் கிணறுதான்.

அவள் திரும்பி, காலியாகக் கிடந்த வாசல் பக்கத்தைப் பார்த்தாள். "எம் முதுகுக்குப் பின்னாடி அந்த மெத்தை இருந்துச்சில்ல? அதுதான் எதிரொலிய அடக்கி வெச்சிருக்கு."

அத்தான் ஏணி போட்டு மெத்தையை இறக்கினார். பாதி திறந்த கதவு வழியாக அது உள்ளே வரவில்லை. மடித்தால் விரிந்தது. உருட்டினால் உருண்டு அத்தான்மேல் சாய்ந்தது. கடைசியில் அவர் கூடத்தில் நின்று, மெத்தையை நிமிர்த்தி, நிலைப்படி இடைவெளிக்குள் நெஞ்சால் தள்ளினார். பாதி மெத்தை அறைக்குள் பிதுங்கி நின்றது. அவர் கையை எடுத்ததும் குடிகாரன்போல் மடிந்து விழுந்தது.

"விடாதீங்க" என்றாள் அக்கா.

"எவ்வளவு நேரம்?"

"பேசி முடிக்கிற வரைக்கும்."

அவர் இரண்டு கைகளாலும் மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் மேசைமேல் முட்டிபோட்டு, போர்வையை ஒலிவாங்கிக்குப் பின்னால் கூடாரம்போல் தூக்கிப் பிடித்தேன். உள்ளே நாங்கள் இரண்டு பேர், வெளியே அவர். யாரும் எங்கும் போக முடியாது.

"கதவு மூடுகிறது" என்றாள் அக்கா, மூடவே முடியாத கதவுக்கு முதுகைக் காட்டியபடி. எனக்குச் சிரிப்பு வந்தது. போர்வையைக் கடித்துக்கொண்டேன்.

"சுமை அதிகமாக உள்ளது. தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்."

மெத்தைக்குள்ளிருந்து அத்தானின் குரல் வந்தது. "நான் வெளியதானே நிக்கறேன்."

அக்கா பதிவை நிறுத்தினாள். "இன்னொரு தடவை வாயத் தொறந்தீங்க, மெத்தையோட சேத்து வெச்சுத் தெச்சிருவேன்."

"கை மரத்துப்போச்சும்மா."

"நான் ஒம்பது வருஷம் காது மரத்துப்போய் உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் நில்லுங்க."

அதற்குப் பிறகு அத்தான் பேசவில்லை. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அக்கா மீண்டும் தொடங்கினாள். "லிஃப்ட் சற்று நேரம் நின்றுள்ளது. அச்சப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது." கிணறு இல்லை. காதுக்குப் பக்கத்தில், அவசரமே இல்லாமல், நிஜமாகவே யாரோ வந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா இந்தக் குரலில்தான் பேசுவாள். புகார் அலுவலகத்தில் இந்தக் குரலையா திட்டினார்கள் என்று தோன்றியது. போர்வை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. கண்ணால் அதட்டினாள். உயர்த்திப் பிடித்தேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு அனுப்பினோம். அத்தானால் தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியவில்லை. அக்கா தூக்கிக் கொடுத்தாள்.

மார்ச் 13, வியாழன்

மாலையில் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டார். இன்று அக்கா அழைப்பைப் பொதுவாக வைக்கவில்லை. அத்தானும் நானும் ஆளுக்கொரு பக்கமாகக் காதை ஒட்டிக்கொண்டோம்.

"மேடம், இதுதான் வேணும். எங்காளுங்க எல்லாருக்கும் பிடிச்சிருச்சு. வேலை உங்களுக்குத்தான்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர். "எல்லா வாசகமும் இதே மாதிரியே கேக்கணும். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரியக்கூடாது. பேசி முடிக்கிற வரைக்கும் ரூமுல எதையும் மாத்திராதீங்க. என்ன பண்ணீங்க இந்தத் தடவை?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். "பின்னாடி ஒரு தடுப்பு வெச்சோம்ங்க."

"அதை அப்படியே வெச்சிருங்க. அந்த எடத்தைவிட்டு நகத்திராதீங்க."

எத்தனை நாள் என்று அக்கா கேட்டாள். வாரத்துக்கு மூன்று காலை, மூன்று மாதம்.

அழைப்பு முடிந்தது. அத்தான் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். "நான் வண்டி ஓட்டக் கத்துக்குடுக்கற ஆளும்மா" என்றார்.

"பிரேக்குல கால வெச்சுட்டு, அடுத்தவங்க செய்யறத நம்பிட்டு உக்காந்திருப்பீங்கல்ல? இதுவும் அதேதான். நின்னுட்டுச் செய்யணும், அவ்வளவுதான்."

"மூணு மாசமா?"

"என்னை நகத்தக்கூடாதுன்னு ஒரு தடவைகூடச் சொல்லல, கவனிச்சீங்களா? உங்களத்தான் நகத்தக்கூடாதுன்னாங்க" என்றாள் அக்கா. அத்தான் இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று யோசித்து, கடைசியில் எடுத்துக்கொண்டார். ஓட்டுநர் பள்ளிக்குப் போன் செய்து காலை வகுப்புகளை மாலைக்கு மாற்றப் போனார்.

அலுவலகப் பையை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டாள். வகுப்புக்கு நல்ல பை. வார் உறுதியானது.

வகுப்புக்காகப் புதுப் படம் வரைந்தேன். கதவு உள்பக்கம் திறக்கிறது. இரண்டு தடவை எழுந்துபோய்ச் சரிபார்த்தேன். வடக்கு, வாசல் பக்கம். மேசை, தப்பான இடத்தில். நீரூற்று இல்லை. அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டு, 'அத்தான்' என்று எழுதினேன். டீச்சர் ஒப்புக்கொள்வாரா என்று தெரியவில்லை. கனம் இருக்கிறது. அசையாமல் இருப்பதுதான் சந்தேகம்.

நாளை காலை கடைக்குப் போகுமுன் தச்சரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.