பத்தே முக்காலுக்கு வந்த சிவப்பு

பதினோரு மணிக்கு வர வேண்டிய எச்சரிக்கை பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. ரவாங் போட்டி மண்டபத்தில் மூன்று நடுவர்களும் என் மேசை முன்னால் நின்றிருந்தார்கள். என் கைப்பேசி அலறியதும் கைதட்டினார்கள். எனக்கோ அப்பா மேல் பற்றிக்கொண்டு வந்தது. அவசரக்குடுக்கை. நேரம் பார்த்து ஓடுங்கள் என்று நேற்று எத்தனை தடவை சொன்னேன்!

நான் செய்தது கையில் கட்டும் பட்டி. கோல சிலாங்கூர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களுக்கானது. நாடித்துடிப்பு எல்லை மீறினால் கைப்பேசியில் மஞ்சள் எரியும். உடம்புச் சூடும் சேர்ந்து ஏறினால் சிவப்பு. பாலிடெக்னிக்கில் இதற்கு முன் செய்த இரண்டு கருவிகளுக்கும் பரிசு கிடைத்தது. இதுவும் ஜெயித்தால் தேசியப் போட்டி. நடுவர்களுக்குக் காட்டுவதற்காக, தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா அங்கேயே பட்டியைக் கட்டிக்கொண்டு பதினோரு மணிக்கு நாலு ஓட்டம் ஓடுவதாக ஏற்பாடு.

திரையை மறுபடி பார்த்தேன். ஓடினால் மஞ்சள்தானே வரும்? இது சிவப்பு.

அப்பாவை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. பெண் நடுவர் விளக்கப் பலகையில் அடுத்த படத்தைக் காட்டச் சொன்னார். நான் காது கேட்காதவள் மாதிரி மூன்றாம் தடவை அழைத்தேன்.

"என்னம்மா கண்மணி, இன்னும் பதினொண்ணு ஆகலயே" என்றார் அப்பா, சாவகாசமாக.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே? தலை சுத்துதா?"

"எனக்கென்னலா, நல்லாத்தான் இருக்கேன். பட்டி எங்கிட்ட இல்ல. அம்மாவுக்குக் காலைலேர்ந்து கிறுகிறுன்னு இருக்குன்னா. அதான் அவ கையில கட்டிவிட்டேன். பதினொண்ணுக்கு வாங்கிக்கலாம்னு..."

"அம்மா எங்கப்பா?"

"அந்தப் பக்கம் உதிரிப் பழம் பொறுக்கிக்கிட்டு..."

"ஓடுங்கப்பா. இப்பவே ஓடுங்க."

அப்பா ஓடினார். காய்ந்த மட்டைகள் நொறுங்கும் சத்தம் கைப்பேசியில் கேட்டது. "சின்னத்தாயி, சின்னத்தாயி" என்று அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் அப்பா யாரையோ தண்ணீர் கொண்டு வரச் சொல்லிக் கத்தினார். என் கால்கள் தானாக வாசலைப் பார்த்து நடந்தன. மேசையும் விளக்கப் பலகையும் அப்படியே கிடந்தன.

ஆஸ்பத்திரியில் அம்மா கண் திறந்திருந்தார். ஒரு கையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெயிலில் கிடந்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மற்ற கையில் என் பட்டி. கடைசித் துளைவரை இழுத்தும் தொளதொளவென்று இருந்திருக்கிறது. அதனால் மேலே நைலான் கயிற்றைச் சுற்றி அப்பா இறுக்கியிருந்தார். கயிறு பட்ட இடம் சிவந்து தடித்திருந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்க. எனக்குத்தான் கொஞ்சம் பெருசு" என்றார் அம்மா.

இந்தப் பட்டிக்காகப் பதினோரு பேரின் மணிக்கட்டை அளந்திருந்தேன். பதினோரு பேரும் குலை வெட்டும் ஆண்கள். அவர்கள் பின்னாலேயே குனிந்து குனிந்து பழம் பொறுக்கும் பெண்களில் ஒருத்தியைக்கூட நான் அளக்கவில்லை. பெற்ற தாயைக்கூட. அழுகை அடக்க முடியாமல் வந்தது.

"பரிசு என்னாச்சு?" என்றார் அம்மா.

"கையக் காட்டுங்கம்மா" என்றேன். கயிற்றை அவிழ்த்து, அதே கயிற்றால் அவர் மணிக்கட்டை அளந்தேன்.