பஸ்காரர் தூக்கம்

என் வீட்டுக்காரர் தூங்கும்போது நான் அவருடைய பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலிடுக்கில் புண் ஏதும் இருக்கிறதா, குதிகால் வெடிப்பு கறுத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். காலை பத்து மணி. எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வெயில் தாராளமாக வரும். கால்கள் நன்றாகத்தான் இருந்தன, பெருவிரல் நகம்தான் வெட்டாமல் கிடந்தது. ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவருடைய அண்ணனும் நன்றாகத்தான் இருந்தார், ஈப்போவுக்கும் பினாங்குக்கும் லாரி ஓட்டிக்கொண்டு. ஒருநாள் செருப்புக் கடித்தது. அந்தப் புண் ஆறவே இல்லை. இனிப்பு நீர், சர்க்கரை வியாதி என்றார்கள். பாதிக் காலை எடுத்தார்கள், லைசென்சும் போயிற்று. இப்போது பட்டர்வொர்த்தில் மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் ராமதாஸுக்கு ஐம்பது வயது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். மூன்று ஷிப்டும் அவர்தான். விடியுமுன் போய்க் காலை ஷிப்டுப் பெண்களை விட்டுவிட்டு, இரவு வேலை முடித்தவர்களை அவரவர் வீட்டுப் பக்கம் இறக்கிவிட்டு வருவார். மத்தியானம் மறுபடி, ராத்திரி மறுபடி. தூக்கம் அவருக்கு முழு நோட்டாகக் கிடைப்பதே இல்லை, காலையில் கொஞ்சம் நள்ளிரவுக்கு மேல் கொஞ்சம் என்று சில்லறையாகத்தான் கிடைக்கும். போன வருஷம் ஒருநாள் அலாரத்தைத் தூக்கத்திலேயே அமுக்கிவிட்டுப் படுத்துவிட்டார். பெண்கள் ரோட்டில் நின்றார்கள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் சாவி வேறு ஆளுக்கு என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அலாரம் நான்தான். விடியுமுன் எழுப்பிக் காப்பி கொடுத்து அனுப்புவேன். மத்தியானம் எழுப்புவேன். நள்ளிரவில் கதவைத் திறந்து சோறு போடுவேன்.

இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, கோயில் மண்டபத்தில் ஒரு டாக்டரம்மா வந்து பேசும்வரை. இனிப்பு நீரைப் பற்றித்தான் பேச்சு. சாப்பாடு, நடை எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில் தூக்கத்துக்கு வந்தார். குறைவாகத் தூங்குகிறவர்களுக்கு அது வருகிற வாய்ப்பு கூடுதலாக இருக்கலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். ரொம்ப நேரம் தூங்குகிறவர்களுக்கும் அப்படித்தானாம். என் வீட்டுக்காரர் ஆறு நாள் அரைத் தூக்கம் தூங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்வரை குப்புறக் கிடக்கிற ஆள். இரண்டு பக்கமும் வசமாக மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சீனி டப்பாவை ஒளித்து வைத்தேன். அவர் போய் வந்தபின் கழிவறையில் எறும்பு வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன். படுக்கைப் பக்கத்தில் தண்ணீர் ஜாடியை வைத்து, எவ்வளவு குறைகிறது என்று கவனித்தேன். அவர் அதைத் தொடவே இல்லை, காவல் இருந்த நான்தான் குடித்துக் காலி செய்தேன். அவர் தூங்குகிற கொஞ்ச நேரத்தில் யாரும் கதவைத் தட்டிவிடக் கூடாது என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ராத்திரியில் அவர் புரண்டால் எனக்கு விழிப்பு வந்துவிடும். புரளாவிட்டாலும் வந்துவிடும்.

பக்கத்து வீட்டு ஹாஜரா கிளினிக்கில் வேலை செய்கிறவள். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விரலில் ஒரு குத்து, ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்றாள். அவரிடம் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லலா. இருந்தாலும் தெரியாமலே இருக்கட்டும். தெரிஞ்சா லைசென்சுக்கு வம்பு."

"காலு போனப்புறம் லைசென்ஸ வச்சி என்னா செய்யப் போறீங்க?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டு மேலே வந்தவர், பசியாறாமல், "வா, போவோம்" என்றார்.

நாற்பது பெண்களை ஏற்றிக்கொண்டு பாயான் லெப்பாஸ் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து போகிற மனுஷர், அந்தச் சின்ன ஊசியைப் பார்த்ததும் கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஹாஜராவுக்குச் சிரிப்பு. பச்சைப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி நான் என் விரலை முதலில் நீட்டினேன்.

"பாருங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான்."

ஹாஜரா குத்தினாள். ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, மெஷினைப் பார்த்தாள். பிறகு என் இன்னொரு விரலைத் துடைத்து மறுபடி குத்தினாள்.

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

"இல்லையே. இவரு சாப்பிடலன்னு நானும் சாப்பிடல."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவருடைய விரலையும் குத்தினாள், இப்போது அவர் கையை இழுக்கவில்லை. அவருக்கு ஐந்து சொச்சம். எனக்குப் பன்னிரண்டு. வெறும் வயிற்றில் ஏழைத் தொடவே கூடாதாம்.

உள்ளே டாக்டர் என்னைத்தான் உட்காரச் சொன்னார். எடை, வயது, அம்மா அப்பாவுக்கு இருந்ததா என்றெல்லாம் கேட்டார். அப்புறம், "எத்தன மணி நேரம் தூங்குவீங்க?" என்றார்.

"காலையில ஒரு மூணு மணி நேரம், ராத்திரி ஒரு மூணு..."

"அவரக் கேக்கலம்மா. நீங்க."

அவர் போகும்போது எழுந்திருக்கிறேன், வரும்போது எழுந்திருக்கிறேன், அவர் தூங்கும்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எப்போது தூங்கினேன்? யோசிக்க யோசிக்கக் கண் இருட்டியது. அவர் என் பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"தூக்கந்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "பல காரணம் இருக்கும். ஆனா இப்படி இருந்தா சரிப்படாது. இரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புறேன், அடுத்த வாரம் வாங்க. அதுவரைக்கும் நல்லா தூங்குங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் போர்வையை எடுத்து, வெயிலை மறைத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"நீ படு. நான் இன்னிக்கி படுக்கப் போறதில்ல. ஹால்ல உக்காந்திருக்கேன். நேரமானா நானே கெளம்பிக்கிறேன்."

"உங்களுக்குக் கண்ணு செவந்திருக்கு."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல. படு குணவதி."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது குறைவு. படுத்தேன். பகலில் படுத்துப் பழக்கமில்லாத உடம்பு, கட்டில் யாருடையதோ போல இருந்தது. பயமாக இருந்தது. என் பாதத்தை நானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன். தூங்கு, தூங்கு என்று சொல்லிக்கொண்டேன். ஹாலில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். பிறகு பேப்பர் தரையில் விழுகிற சத்தம். அதற்குப் பின்னால் மெல்லத் தொடங்கி, எனக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் குறட்டை.

போர்வை விளிம்பில் தெரிந்த வெயிலின் நிறத்தைப் பார்த்தால் மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். இன்னும் கொஞ்ச நேரத்தில் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் வந்து நிற்பார்கள். தானாகவே எழுந்துகொள்வார், சொல்லியிருக்கிறாரே. நான் போய் எழுப்பினால் அவர் முகம் எப்படிப் போகும் என்றும் தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். குறட்டை நிற்கவில்லை. எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை, என் ஒரு கால் சிமெண்டுத் தரையில் சில்லென்று ஊன்றியிருந்தது. இன்னொரு கால் இன்னும் கட்டில்மேலேயே இருந்தது.