பந்துக்குக் காது உண்டு

இப்போதெல்லாம் ஆட்டம் பார்க்க வருகிறவர்களுக்கு வாய் சும்மா இருப்பதில்லை. ஒரு கை செல்போனில், ஒரு கை சோளப்பொரியில், கண் எங்கேயோ. வெர்லின் குத்ர்னாவுக்கு அதுகளைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பன்றி வளர்த்தே கிழவரானவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். படித்தவன் எவனையும் நம்பமாட்டார்.

அன்றைக்கு அவரை நிம்மதியாக நிற்கவிடாதவன் பேரன் கார்சன். கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பந்து வீசுகிறவன். ஒன்பது இன்னிங்ஸில் ஏழு முடிந்துவிட்டது. எதிரணியில் ஒருவன்கூட அவன் பந்தை அடித்துவிட்டு ஓடி, முதல் கட்டமான பேஸைக்கூடத் தொடவில்லை. இப்படி ஓர் ஆட்டம் பலருக்கு ஆயுசுக்கும் வாய்க்காது. நடக்கும்போது அதைப் பற்றி யாரும் மூச்சுவிடக் கூடாது, விட்டால் போச்சு. வெர்லின் வாலிபத்தில் ஊர் அணிக்கு வீசியபோது, கடைசி இன்னிங்ஸில் மச்சான்காரன் வாயைத் திறந்தான். அடுத்த பந்து வேலி தாண்டிப் போயிற்று. அன்றிலிருந்து மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லை.

கார்சனின் தோழர்களுக்கும் இது தெரியும். தங்கள் அணி மட்டை பிடிக்கும் முறை வந்தபோது, பெஞ்சில் அவன் பக்கத்தில் ஒருவனும் உட்காரவில்லை. அவனோ, இடம் தோதாக இருக்கிறதென்று ரசாயனப் புத்தகத்தை விரித்துவிட்டான். திங்கட்கிழமை பரீட்சையாம்.

"கார்சன் இந்த வருடமும் மாநிலக் கல்லூரிகளிலேயே ரசாயனத்தில் முதல் மாணவர்!" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. கைதட்டல்.

"வீசுற நாள்ல என்னடா படிப்பு?" என்று வேலியோரம் நின்று முனகினார் வெர்லின்.

கார்சன் எழுந்து வந்தான். "தாத்தா, மெல்லுறதுக்குக் கொஞ்சம் சூரியகாந்தி விதை குடு. பாத்தியா, இன்னும் ஒருத்தனும் அடிக்கல!"

பெஞ்சில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். வெர்லினுக்கு முகம் வெளுத்தது.

"அடப்பாவி! வாயைக் கழுவுடா!"

"பந்துக்குக் காது கிடையாது தாத்தா."

"உங்க வாத்தியார் சொன்னானா? அவன் எந்த ஆட்டத்துல வீசுனான்?"

சிரித்துக்கொண்டே போனான். எட்டாவதில் மட்டை பிடிக்க வந்த மூவரும் வந்த வழியே திரும்பினார்கள். ஒன்பதாவதில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருத்தன்தான் பாக்கி. அடுத்தவன் ஓங்கி அடித்தான். பந்து உயர உயரப் போனது. வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, மைதானத்தின் இடப்பக்கம் நின்ற கார்சன் அணிப் பையன் வேலியில் முதுகு இடிக்க அதைப் பிடித்திருந்தான்.

மைதானமே குதித்தது. தோழர்கள் தண்ணீர் கேனைக் கார்சன் தலையில் கவிழ்த்தார்கள். சொட்டச் சொட்டத் தாத்தாவிடம் ஓடி வந்தான்.

"வாய்விட்டுச் சொன்னேன்ல? ஒண்ணும் ஆகல பாத்தியா!"

"ஏன் ஆகல? நீ உளறினதுலேருந்து தொப்பியைத் திருப்பிப் போட்டு, ஒத்தக் காலை வேலிக் கம்பியில தூக்கி வச்சவன் இன்னும் எறக்கல. ஒண்ணுக்கு முட்டுது, அதுக்கும் போகல. யாருடா ஜெயிச்சுக் குடுத்தது?"

"அதுக்கெல்லாம் ஆதாரம் இல்ல தாத்தா."

"ஆதாரமாம்!" ஈரத்தோடு பேரனை இழுத்து நெஞ்சோடு ஒரு அழுத்து அழுத்தினார். "போய் உன் புஸ்தகத்தையே கேளு."

தொப்பியை நேராக்காமலே கழிப்பறைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.